பால் சேகரிப்பு நிலையத்தில் ஆன்டிபயாட்டிக் எச்சம்: கையடக்கக் கருவி எதைக் காட்டும், எதைக் காட்டாது

கேள்வி இதுதான்: கன்னியாகுமரி மாவட்டம் தக்கலைப் பக்கம் ஒரு பால் சேகரிப்பு நிலையம். 45 வீட்டுக்காரர்கள் சேர்ந்து தினமும் சுமார் 300 லிட்டர் ஊற்றுகிறார்கள். பால் வாங்கும் தயிர்க்காரர் "சில நாள் உறை பிடிக்கவில்லை, மாட்டுக்கு ஊசி போட்ட பால் கலந்திருக்கிறது" என்கிறார். நிலையத்திலேயே வைத்துப் பார்க்கும் பயோசென்சர் கருவி வாங்கலாமா, அதையே தேனுக்கும் இறாலுக்கும் பயன்படுத்த முடியுமா?

பாலுக்கு வாங்கலாம். வாங்க வேண்டியது சோதனைப் பட்டை, 40 டிகிரி சூடேற்றும் சிறு அடுப்பு, கோட்டைப் படிக்கும் கையடக்க ரீடர் ஆகிய மூன்றும் சேர்ந்த தொகுப்பு. ஆனால் அதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. உங்கள் பகுதி மாடுகளுக்கு என்னென்ன மருந்து போகிறது என்று மாட்டாஸ்பத்திரியிலும் மருந்துக்கடையிலும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பட்டை தனக்குத் தெரிந்த மருந்தை மட்டுமே பிடிக்கும். தெரியாத மருந்து பாலில் நிறைந்திருந்தாலும் "சுத்தம்" என்றுதான் காட்டும். இந்தக் கருவிகளை வாங்கி ஏமாந்தவர்களில் பெரும்பாலோர் ஏமாந்தது இந்த இடத்தில்தான்.

பயோசென்சர் என்றால் இரண்டு பாகம்: பொருளை அடையாளம் காணும் உயிர்ப்பொருள் ஒன்று, அந்த அடையாளத்தை அளக்கக்கூடிய சைகையாக மாற்றும் பாகம் ஒன்று. 1962இல் கிளார்க்கும் லயன்ஸும் நொதியை மின்முனையோடு சேர்த்து இரத்தச் சர்க்கரையை அளக்க வழி சொன்னார்கள். இன்று வீட்டுக்கு வீடு இருக்கும் சர்க்கரைக் கருவியின் வேர் அது. பாலுக்கான பட்டையில் மின்முனைக்குப் பதில் நிறம் வேலை செய்கிறது.

பென்சிலின் பாக்டீரியாவைக் கொல்வது எப்படி? அதன் சுவரைக் கட்டும் புரதத்தில் ஒட்டிக்கொண்டு கட்டுமானத்தை நிறுத்திவிடுகிறது. பட்டை செய்கிறவர்கள் அதே புரதத்தைப் பிரித்தெடுத்து, நுண்ணிய தங்கத் துகள்களோடு சேர்த்து, உலர்த்தி, ஒரு சிறு கிண்ணத்தில் வைத்துத் தருகிறார்கள். தங்கம் அந்த அளவில் சிவப்பாகத் தெரியும். பாலை ஊற்றியதும், அதில் பென்சிலின் வகை இருந்தால் புரதத்தின் பிடி அதிலேயே நிரம்பிவிடும். இல்லையென்றால் புரதம் வெறுங்கையோடு பட்டையில் ஏறி, சோதனைக் கோட்டில் ஒட்டவைத்திருக்கும் மருந்தைப் பிடித்துக்கொள்ளும். அங்கே சிவப்புக் கோடு விழும்.

எனவே இங்கே கணக்கு தலைகீழ். கொரோனா பட்டையில் கோடு வந்தால் நோய். இதில் கோடு வந்தால் பால் நல்லது, கோடு மங்கினாலோ மறைந்தாலோ மருந்து இருக்கிறது. நிலையத்தில் யார் பட்டையைப் பிடித்தாலும் இதை முதல் நாளே சொல்லிக்கொடுத்து, சுவரில் எழுதி ஒட்டிவிடுங்கள். பக்கத்தில் கட்டுப்பாட்டுக் கோடு ஒன்று உண்டு. அது எப்போதும் விழ வேண்டும். விழவில்லையென்றால் அந்தப் பட்டை செல்லாது. முடிவு எதுவும் எழுதக் கூடாது.

எவ்வளவு சிறிய அளவைத் தேடுகிறோம் என்பது புரிந்தால்தான் மீதி புரியும். கோடெக்ஸ் எனும் பன்னாட்டு உணவுத் தர அமைப்பின் வரம்பு பாலில் பென்சில்பென்சிலினுக்கு (சாதாரண பென்சிலின் ஊசி மருந்து) லிட்டருக்கு 4 மைக்ரோகிராம். அமாக்சிசிலினுக்கும் அதே 4. டெட்ராசைக்ளின் வகைக்கு 100, ஸ்ட்ரெப்டோமைசினுக்கும் ஜென்டாமைசினுக்கும் 200. ஐரோப்பிய வரம்பில் குளோக்சாசிலினுக்கு 30. 10 லட்சம் யூனிட் பென்சிலின் குப்பி ஒன்றில் இருப்பது ஏறத்தாழ 600 மில்லிகிராம். கணக்குப் போட்டால் ஒன்றரை லட்சம் லிட்டர் பாலை வரம்பு வரை கொண்டுபோகப் போதுமான மருந்து அது. "ஒரே ஒரு மாட்டுக்குத்தானே போட்டோம், கேனில் கலந்தால் கரைந்துவிடும்" என்ற எண்ணம் ஏன் தப்பு என்பதற்கு இந்தக் கணக்கு ஒன்றே போதும். வீட்டில் காய்ச்சுவதாலும் இந்த எச்சம் போகாது.

இனி பட்டைத் தேர்வு. சந்தையில் அதிகம் கிடைப்பது பென்சிலின்-செஃபலோஸ்போரின் வகையையும் டெட்ராசைக்ளின் வகையையும் ஒன்றாகப் பார்க்கும் இரட்டைப் பட்டை. நம் ஊரில் மடிநோய்க்குப் போடப்படுபவை ஸ்ட்ரெப்டோபென்சிலின், அமாக்சிசிலினும் குளோக்சாசிலினும் சேர்ந்தது, செஃப்ட்ரியாக்சோன், என்ரோஃப்ளாக்சசின், ஜென்டாமைசின், ஆக்சிடெட்ராசைக்ளின். இதில் என்ரோஃப்ளாக்சசினும் ஜென்டாமைசினும் இரட்டைப் பட்டையின் கண்ணில் படாது; அவற்றுக்குத் தனிப் பட்டை அல்லது அவற்றையும் சேர்த்துப் பார்க்கும் நான்கு வகைப் பட்டை வேண்டும். பென்சிலின்-செஃபலோஸ்போரின் வகைக்குள்ளும் எல்லாம் ஒன்றில்லை. செஃபலெக்சினைப் பல பட்டைகள் மிக அதிக அளவில் இருந்தால்தான் பிடிக்கும். ஆகவே விற்பவரிடம் "எத்தனை மருந்தைப் பிடிக்கும்" என்று கேட்காதீர்கள். "செஃப்ட்ரியாக்சோனை லிட்டருக்கு எத்தனை மைக்ரோகிராமில் பிடிக்கும்" என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, அச்சிட்ட அட்டவணையை வாங்கிப் பாருங்கள். அட்டவணை தர மறுப்பவரிடம் வாங்க வேண்டாம்.

செய்முறை எளிது. ஆனால் ஒவ்வொரு படியிலும் ஒரு பொறி இருக்கிறது. மாதிரியை மெதுவாகத் தலைகீழாக்கிக் கலக்கி, நடுவிலிருந்து எடுக்க வேண்டும். மேலே மிதக்கும் கொழுப்பை எடுத்தால் பட்டையில் பால் ஏறவே ஏறாது. பெரும்பாலான கிட்களில் 200 மைக்ரோலிட்டர், அதாவது ஒரு மில்லிலிட்டரில் ஐந்தில் ஒரு பங்கு. இதற்கு மைக்ரோபிப்பெட்டையோ கிட்டோடு வரும் அளவுக் குழலையோ பயன்படுத்துங்கள். ஊசி சிரிஞ்சில் கண் அளவாக எடுத்தால் ஒரே பாலுக்கு இரண்டு முடிவு வரும். கிண்ணத்தில் பாலை விட்டு, சிவப்பு மருந்து முழுக்கக் கரையும் வரை பிப்பெட்டால் ஐந்தாறு முறை உறிஞ்சி விட்டு, 40 டிகிரியில் சில நிமிடம் வைத்து, பட்டையை நிறுத்தி, மறுபடி சில நிமிடம் கழித்துப் படிக்க வேண்டும். கிட்டுக்குக் கிட்டு நிமிடம் மாறும். 3+3 உண்டு, 5+5 உண்டு. தாளில் போட்டிருப்பதை அப்படியே பின்பற்றுங்கள், கைபேசியில் அலாரம் வையுங்கள். பத்து நிமிடம் தாமதமாகப் படித்த பட்டை உலர்ந்து வேறு நிறம் காட்டும்.

கண்ணால் படிப்பது தெளிவான பாலுக்குப் போதும். வரம்பை ஒட்டிய பாலுக்குப் போதாது. காலை ஐந்து மணிக்கு மஞ்சள் பல்பு வெளிச்சத்தில் ஒருவர் "கோடு இருக்கு" என்பார், இன்னொருவர் "இல்லை" என்பார். ரீடர் இரண்டு கோட்டின் அடர்த்தியையும் ஒப்பிட்டு விகிதமாகச் சொல்லும், தேதியோடு பதிவும் வைக்கும். பால் ஊற்றுகிறவரோடு தகராறு வரும் நாளில் அந்தப் பதிவுதான் கைகொடுக்கும்.

தவறான முடிவுகள் எங்கிருந்து வருகின்றன என்பதில் கொஞ்சம் நின்று பேச வேண்டும். நம் மாவட்டத்தில் முதல் எதிரி ஈரம். தென்மேற்கு, வடகிழக்கு இரண்டு பருவமும் பெய்கிற ஊர் இது. ஆண்டில் பாதி நாள் காற்றே நனைந்திருக்கும். பட்டையும் கிண்ணமும் உலர்ந்த நிலையில் இருக்கும் வரைதான் புரதம் உயிரோடு இருக்கும். குளிர்பெட்டியில் 2 முதல் 8 டிகிரியில் வையுங்கள், உறைபெட்டிக்குள் வேண்டாம். வெளியே எடுத்ததும் திறக்காதீர்கள். மூடிய டப்பாவை 20 நிமிடம் வெளியே வைத்து, அறைச் சூட்டுக்கு வந்த பிறகே திறக்க வேண்டும். குளிர்ந்த டப்பாவைத் திறந்தால் மழைக்காலக் காற்றிலுள்ள நீர் உள்ளே வியர்த்துப் படியும். அன்று மிஞ்சிய பட்டைகள் அடுத்த வாரம் மங்கலாகத்தான் காட்டும். அதாவது நல்ல பாலை மருந்துப் பால் என்று சொல்லும். உள்ளே இருக்கும் ஈரமுறிஞ்சிப் பொட்டலத்தைத் தூக்கி எறியக் கூடாது. நீண்ட மின்தடைக்குத் தடுப்பூசி எடுத்துப்போகும் குளிர்ப்பெட்டி ஒன்று போதும். ஐஸ் கட்டி நேரே டப்பாவைத் தொடாமல் நடுவே துணி வையுங்கள்.

இரண்டாவது பாலின் நிலை. குளிர்கலனிலிருந்து 4 டிகிரியில் எடுத்த பாலை நேரே விட்டால் கிண்ணம் 40 டிகிரிக்கு வரவே நேரமாகும். புரதம் முழுமையாகப் பிடிக்காது. புளித்த பால் பட்டையில் ஏறாது. சீம்பால், கடும் மடிநோய்ப் பால், கறவை வற்றும் காலத்துப் பால் இவை மருந்தே இல்லாமல் கோட்டை மங்கவைக்கலாம். அப்படிப்பட்ட பாலை எப்படியும் வாங்கக் கூடாது என்பது வேறு விஷயம். புளிப்பை மறைக்கச் சோடா உப்பு போட்ட பாலிலும் முடிவு நம்பத்தக்கதல்ல.

மூன்றாவது, பட்டை வேலை செய்கிறதா என்பதையே யாரும் பார்ப்பதில்லை. ஒவ்வொரு புதுப் பெட்டி திறக்கும்போதும், பிறகு வாரம் ஒரு முறையும், மருந்தே போடாத மாட்டின் பாலில் ஒன்று, மருந்து சேர்த்த பாலில் ஒன்று ஓட்டிப் பாருங்கள். மருந்து சேர்த்த மாதிரி கிட்டோடு வாங்கலாம். நீங்களே செய்வதானால், வேறு மருந்து கலக்காத 10 லட்சம் யூனிட் பென்சில்பென்சிலின் குப்பியை வடிகட்டிய நீரில் கரைத்து 600 மில்லிலிட்டர் ஆக்குங்கள். மில்லிலிட்டருக்கு 1 மில்லிகிராம். அதில் 1 மில்லிலிட்டரை எடுத்து நீரில் 1 லிட்டர் ஆக்கினால் மில்லிலிட்டருக்கு 1 மைக்ரோகிராம். இதில் 4 மில்லிலிட்டரை 1 லிட்டர் நல்ல பாலில் சேர்த்தால் வரம்பு அளவு கிடைக்கும். 8 சேர்த்தால் இரட்டிப்பு. இரட்டிப்புப் பாலில் கோடு கண்டிப்பாக மறைய வேண்டும். அன்றன்றே செய்ய வேண்டும். கரைத்த பென்சிலின் நிற்காது. இதைப் பால் வாங்கும் மேசையில் ஒருபோதும் செய்யாதீர்கள். வேறு அறை, வேறு பிப்பெட், கையுறை. முதல் கரைசலின் ஒரு துளி கேனில் விழுந்தால் நீங்களே அந்தக் கேனைக் கெடுத்தவர் ஆவீர்கள். பென்சிலின் ஒவ்வாமை உள்ளவர் இந்த வேலையைத் தொடவே கூடாது. மிஞ்சியதில் கேன் கழுவும் காஸ்டிக் சோடாவைக் கலந்து ஒரு நாள் வைத்தால் பென்சிலின் சிதைந்துவிடும்.

45 பேருக்கும் தினமும் பட்டை போட்டால் கட்டுப்படியாகாது. கூட்டு மாதிரிதான் வழி. ஒவ்வொருவர் ஊற்றும்போதும் 20 மில்லிலிட்டர் தனிக் குப்பியில் எடுத்து, எண் ஒட்டி, ஐஸில் வையுங்கள். 40 லிட்டர் கேன் ஒன்றுக்கு ஒரு பட்டை என்றால் நாளுக்கு எட்டுப் பட்டை. ஒரு கேனில் ஆறு ஏழு பேர் பால் இருக்கும். கேனில் மருந்து தெரிந்தால் அந்த ஆறேழு குப்பியை மட்டும் பார்த்தால் ஆள் தெரிந்துவிடும். இதிலும் ஒரு ஓட்டை உண்டு: ஆறு பேர் பாலில் ஒருவரது மருந்து ஆறில் ஒன்றாக நீர்த்துப்போகும். பட்டை 3 மைக்ரோகிராமில் பிடிக்கும் என்றால், தனியாக 18க்கு மேல் உள்ள பால்தான் கேனில் மாட்டும். நேற்று ஊசி போட்ட மாட்டின் பால் தப்பாது. ஐந்தாம் நாள் பால் தப்பிவிடும். அதற்காகத்தான் வாரத்தில் இரண்டு நாள், முன்னறிவிப்பில்லாமல், நான்கைந்து பேரின் பாலைத் தனித்தனியே பார்க்க வேண்டும். எட்டுப் பட்டைக்கும் வழியில்லையென்றால் 300 லிட்டருக்கும் சேர்த்து ஒரே ஒரு கூட்டு மாதிரி எடுக்கலாம். அப்போது தனியொருவர் பாலில் சுமார் 135 மைக்ரோகிராமுக்கு மேல் இருந்தால்தான் தெரியும் என்பதை மனத்தில் வையுங்கள்.

தயிர்க்காரரின் புகாருக்கு வருகிறேன். உறை பிடிக்காததற்கு மருந்து ஒரு காரணம்தான். தயிரை உறையவைக்கும் பாக்டீரியாக்களில் ஒன்றான ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தெர்மோஃபிலஸ் பென்சிலினைத் தாங்காது என்பது உண்மை. ஆனால் கேனில் தங்கிய சோப்பு, கிருமிநாசினி, பழைய உறைமோர், மழைநாள் குளிர், பால் சரியான சூட்டுக்கு ஆறாமல் உறை விட்டது என எதனாலும் அது நடக்கும். அதே உறைமோரை, அதே சூட்டில், சந்தேகப் பாலிலும் நல்ல பாலிலும் பக்கத்தில் பக்கத்தில் விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டும் உறையவில்லையென்றால் குற்றம் பாலில் இல்லை.

பட்டைக்குத் துணையாக இன்னொரு வகைச் சோதனையும் இருக்கிறது: ஜியோபேசில்லஸ் ஸ்டீரோதெர்மோஃபிலஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகளை ஊதா நிற அகாரில் (கிருமி வளர்க்கும் கூழ்) வைத்த சிறு குழல்கள். டெல்வோடெஸ்ட் இவ்வகை. பாலை விட்டு 64 டிகிரியில் ஏறத்தாழ மூன்று மணி நேரம் வைத்தால், நல்ல பாலில் பாக்டீரியா வளர்ந்து அமிலம் விட்டு மஞ்சளாகும். மருந்து இருந்தால் ஊதாவாகவே நிற்கும். கர்னாலிலுள்ள தேசியப் பால்வள ஆராய்ச்சி நிறுவனமும் வித்து அடிப்படையிலான சோதனை உருவாக்கியிருக்கிறது. பெயர் தெரியாத மருந்தையும் ஓரளவு பிடிக்கும் என்பது இதன் பலம். மூன்று மணி நேரம் வண்டி காத்திருக்காது என்பதும், சோப்பும் ஃபார்மலினும்கூட ஊதாவாகக் காட்டும் என்பதும் குறை. மடிநோய்ப் பாலிலுள்ள இயற்கைத் தடுப்புப் பொருள்களை நீக்க மாதிரியை 80 டிகிரியில் 10 நிமிடம் சூடேற்றிப் பிறகு விடுவது வழக்கம். வாரம் ஒரு நாள் முந்தைய நாள் மாதிரிகளை இதில் ஓட்டினால், பட்டையின் கண்ணுக்குத் தெரியாத மருந்து ஊரில் புழங்குகிறதா என்பது தெரிய வாய்ப்புண்டு.

கைபேசியோடு இணைக்கும் மின்வேதிக் கருவிகளைப் பற்றி விளம்பரம் பார்த்திருப்பீர்கள். ஆய்வகத்தில் நன்றாக வேலை செய்கிறவை உண்டு. ஆனால் 4 மைக்ரோகிராம் பென்சிலின் என்பது லிட்டருக்கு 12 நானோமோல் மட்டுமே. சர்க்கரைக் கருவி அளப்பது இதைப்போலப் பல லட்சம் மடங்கு. அதோடு பாலிலுள்ள கேசீன் புரதமும் கொழுப்பும் மின்முனையில் படிந்து, பத்துப் பதினைந்து மாதிரிக்குள் சைகையைக் கெடுத்துவிடும். தண்ணீரில் கரைத்த மருந்தை வைத்துக் காட்டும் செயல்விளக்கத்தை நம்ப வேண்டாம். உங்கள் நிலையத்துப் பாலில், உங்கள் கண்முன் மருந்து சேர்த்து, பெயர் மறைத்த இருபது குப்பிகளில் சரியாகச் சொல்கிறதா என்று பார்த்த பிறகு பணம் கொடுங்கள்.

மருந்து இருப்பதாக முடிவு வந்தால் அதே குப்பியிலிருந்து புதுப் பட்டையில் மறுமுறை பாருங்கள். இரண்டாவதும் அப்படியே என்றால் அந்தப் பாலை எடுக்காதீர்கள். ஆனால் அதைக் குற்றத்துக்குச் சான்றாக நீட்ட முடியாது; சட்டப்படியான முடிவுக்கு அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தின் எல்சி-எம்எஸ் (மருந்தைப் பிரித்து எடையால் அடையாளம் காணும்) பகுப்பாய்வு வேண்டும். பெரும்பாலும் காரணம் ஏமாற்று அல்ல, அறியாமை. ஒரு காம்பில் டியூப் மருந்து ஏற்றிவிட்டு மற்ற மூன்று காம்பின் பாலைக் கொண்டுவருவார்கள். மருந்து இரத்தம் வழியே நான்கு காம்புக்கும் போகும். நஞ்சுக்கொடி விழாததற்குக் கருப்பையில் வைக்கும் மருந்தும் பாலில் வரும். கறவை வற்றும்போது ஏற்றிய நீண்டநாள் மருந்து, மாடு முன்கூட்டியே ஈன்றுவிட்டால் புதுப் பாலில் தெரியும். மருந்துப் பெட்டியில் விலக்கு காலம், அதாவது கடைசி மருந்துக்குப் பின் பாலையோ இறைச்சியையோ விற்காமல் காத்திருக்க வேண்டிய நாள், போட்டிருக்கும். போடவில்லையென்றால், 2012இல் திருத்திய மருந்து விதிப்படி பாலுக்கும் முட்டைக்கும் குறைந்தது 7 நாள், இறைச்சிக்கு 28 நாள். மருத்துவர் அளவைக் கூட்டிப் போட்டிருந்தால் அதற்கு மேலும் ஆகும், அவரையே கேளுங்கள். ஊசி போட்ட மாட்டின் பின்னங்காலில் சிவப்புத் துணி கட்டச் சொல்வது செலவில்லாத ஏற்பாடு. கறப்பவர் மாறினாலும் தெரியும். தானாக வந்து "ஊசி போட்டிருக்கேன்" என்று சொல்கிறவருக்கு அந்த வாரம் சிறு தொகை ஈடு கொடுத்தால், பட்டைச் செலவைவிட அது மலிவு.

ஒதுக்கிய பாலைக் கன்றுக்கு ஊட்டக் கூடாது. அதன் குடலில் மருந்துக்கு அடங்காத கிருமிகள் வளரும். சாண எரிவாயுக் கலத்திலும், குளத்திலும் விடக் கூடாது. கிணற்றிலிருந்து தள்ளிக் குழி வெட்டி ஊற்றி மூடுங்கள்.

தேனுக்கு இதே பட்டை ஆகாது. தேனை அதற்குரிய தாங்கல் கரைசலில் (அமிலத்தன்மையை மாறாமல் வைக்கும் கரைசல்) கரைத்த பிறகே சோதிக்க முடியும். சல்ஃபா மருந்துகள் தேனின் சர்க்கரையோடு பிணைந்து ஒளிந்துகொள்வதால் அமிலத்தில் பிரித்தெடுத்த பிறகுதான் தெரியும். மார்த்தாண்டம் பகுதியில் ஜனவரி முதல் ரப்பர் தளிர் விடும் காலத்தில் எடுக்கும் தேனுக்கு இந்த அச்சம் அதிகம் வர வேண்டியதில்லை, பெட்டியில் யாரும் மருந்து வைக்காத வரை. 1991-92இல் தென்னாட்டு அடுக்குத் தேனீக்களை அழித்த தாய்லாந்து சாக்புரூட் என்ற தேனீப் புழு நோய் வைரசால் வருவது. அதற்கு டெட்ராசைக்ளின் வைப்பதால் புழு பிழைக்காது, தேன்தான் கெடும்.

இறாலில் சிக்கல் இன்னும் பெரிது. நைட்ரோஃபியூரான் மருந்து சில மணி நேரத்தில் சிதைந்து, அதன் துண்டுகள் தசைப் புரதத்தோடு ஒட்டிக்கொள்ளும். அவற்றைப் பிரிக்க அமிலத்தில் நைட்ரோபென்சால்டிஹைடு சேர்த்து 37 டிகிரியில் ஓர் இரவு வைப்பதே வழக்கமான முறை. ஐரோப்பிய நடவடிக்கை அளவு (இதை எட்டினால் சரக்கு மாட்டும்) இந்தத் துண்டுகளுக்குக் கிலோவுக்கு 0.5 மைக்ரோகிராம், குளோராம்ஃபெனிகால் என்ற இன்னொரு மருந்துக்கு 0.15. பண்ணைக் கரையில் ஐந்து நிமிடத்தில் இதைக் காட்டுகிறேன் என்பவரை நம்ப வேண்டாம். ஓட்டோடு அரைத்துப் பார்த்தால் அந்தத் துண்டுகளில் ஒன்றான செமிகார்பசைடு இறால் ஓட்டில் இயல்பாகவே இருப்பதால் பொய்யாகக் காட்டிக்கொடுக்கும். உரித்த சதையை மட்டும் எடுக்க வேண்டும். குளச்சலிலும் முட்டத்திலும் தேங்காப்பட்டணத்திலும் கடலிலிருந்து வந்து இறங்கும் மீனுக்கு இந்தச் சோதனை தேவையே இல்லை. பண்ணை இறாலும் பண்ணை மீனும் வாங்குகிறவர்கள்தான் அறுவடைக்கு முந்தைய சோதனைச் சான்றைக் கேட்டு வாங்க வேண்டும். மீனுக்கு விலக்கு காலம் 500 டிகிரி-நாள், அதாவது நீரின் வெப்பத்தை நாளால் பெருக்கினால் 500 வர வேண்டும்: 28 டிகிரி குளத்து நீரில் 18 நாள்.